போர்வெல் தண்ணீரில் யுரேனியம்: எந்த ஃபில்டர் எதைப் பிடிக்கும்?

#1 · கிணற்றடி நிலா

வணக்கம். எங்கள் போர்வெல் 450 அடி ஆழம். மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே முழுக்கக் கருங்கல் பாறை. பல வருடமாக இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். சும்மா ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். நேற்று அறிக்கை வந்தது. வந்ததிலிருந்து தூக்கம் இல்லை.

மொத்த ஆல்ஃபா லிட்டருக்கு 1.4 பெக்கரல். மொத்த பீட்டா 0.6 பெக்கரல். யுரேனியம் லிட்டருக்கு 47 மைக்ரோகிராம். பொட்டாசியம் 12 மில்லிகிராம், பிஎச் 7.4, கரைந்த உப்புகளின் மொத்த அளவான டிடிஎஸ் 820.

ஃபில்டர் விற்பவர் ஒருவரைக் கேட்டேன். யுவி விளக்கு வைத்த கருவி கதிரியக்கத்தைக் கொன்றுவிடும் என்றார். தெரிந்தவர் ஒருவர், நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும் என்கிறார். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. எதைப் போட்டால் இது போகும்? குளிக்கலாமா? இவ்வளவு நாள் குடித்ததற்கு என்ன ஆகும்?

#2 · நேர்வழி

ஆர்.ஓ. போடுங்கள். முடிந்தது. இதற்கு எதற்கு ஒரு இழை?

#3 · பழைய ஆப்பரேட்டர்

நேர்வழி சொன்ன முடிவு தப்பில்லை. ஆனால் முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், அடுத்து வேறு தண்ணீரோடு இங்கே வருகிறவர் ஏமாந்து போவார். அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலா, கதிரியக்கத்தைக் கொல்ல எந்தக் கருவியாலும் முடியாது. கிருமிக்கு உயிர் இருக்கிறது, யுவி பட்டால் சாகும். யுரேனியத்துக்கு உயிரே இல்லை, எதைக் கொல்வது? குளோரினும் அப்படித்தான். ஓர் அணு எப்போது சிதையும் என்பது அதன் கருவுக்குள் நடக்கிற சங்கதி. வெளியே இருந்து வெளிச்சமோ சூடோ மருந்தோ அதைத் தொடாது. நம்மால் முடிந்தது, அந்த அணுவைத் தண்ணீரிலிருந்து பிரித்து வேறு இடத்தில் சேர்ப்பது மட்டும்தான்.

அப்படிப் பிரிக்கும்போது, அது கதிர் வீசுகிறதா இல்லையா என்று அயனிகளைப் பிடிக்கும் ரெசின் மணியும் பார்க்காது, ஆர்.ஓ.வில் இருக்கும் சவ்வான மெம்பிரேனும் பார்க்காது. கரைந்து அயனியாக இருக்கிறதா, நேர் மின்னேற்றமா எதிர் மின்னேற்றமா, களிமண் துகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, வாயுவாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு. அதனால் "கதிரியக்கத்தை நீக்கும் ஃபில்டர்" என்று யாராவது சொன்னால் "எந்தத் தனிமத்தை?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் தண்ணீரில் யுரேனியம் யுரேனைல் என்ற வடிவில் இருக்கும். பாறையில் இருக்கும் யுரேனியத்தை ஆக்சிஜன் உள்ள நீர் கரைக்கிறது, நீரில் உள்ள கார்பனேட் அதைப் பற்றிக்கொள்கிறது. பிஎச் 7.4-ல் அந்தக் கூட்டு பெரும்பாலும் எதிர் மின்னேற்றத்தோடு இருக்கும், அல்லது கால்சியமும் சேர்ந்து பெரிய மூலக்கூறாக நிற்கும். ஆர்.ஓ. மெம்பிரேன் இதை நன்றாகத் தடுக்கும், 90 சதவீதத்துக்கு மேல். எதிர் மின்னேற்ற அயனிகளைப் பிடிக்கும் எதிரயனி ரெசினும் நன்றாகப் பிடிக்கும். கார்பன் ஃபில்டரை இதற்கு நம்ப முடியாது. யுவி பூஜ்யம். கொதிக்க வைப்பது பூஜ்யத்துக்கும் கீழே, ஏனென்றால் ஆவியாகிப் போவது தண்ணீர், யுரேனியம் பாத்திரத்திலேயே தங்கும். ஐந்து லிட்டரை நான்கு லிட்டராகச் சுண்டவைத்தால் உங்கள் 47, 59-க்குப் போய்விடும்.

#4 · ஆய்வகத்துக் குருவி

நான் இந்த மாதிரி அறிக்கைகளைத் தயாரிக்கிற பக்கத்தில் இருப்பவள். எண்களைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன், பயம் பாதி குறையும்.

பெக்கரல் என்றால் நொடிக்கு ஒரு சிதைவு. உலக சுகாதார நிறுவனம் முதல் கட்டச் சோதனைக்கு வைத்திருக்கும் எண், லிட்டருக்கு மொத்த ஆல்ஃபாவுக்கு 0.5, மொத்த பீட்டாவுக்கு 1 பெக்கரல். அதைத் தாண்டினால் ஆபத்து என்று அர்த்தம் இல்லை. எந்தத் தனிமம் என்று தேடிப் பார் என்று அர்த்தம். உங்கள் ஆல்ஃபா தாண்டியிருக்கிறது, பீட்டா தாண்டவில்லை.

இயற்கை யுரேனியம் ஒரு மைக்ரோகிராம் சுமார் 0.025 பெக்கரல் தரும். 47-ஐப் பெருக்குங்கள்: 1.18 வருகிறது. அறிக்கையில் 1.4. ஆக, ஆல்ஃபாவில் பெரும்பகுதியை யுரேனியமே விளக்கிவிடுகிறது. மிச்சம் இருக்கும் 0.2 ரேடியமாக இருக்கலாம். யுரேனியம்-234 ஆகவும் இருக்கலாம், ஏனென்றால் நிலத்தடி நீரில் 234 அதன் மூத்த 238-ஐ விடக் கூடுதலாகவே கசிந்து வரும். நான் சொன்ன 0.025 இரண்டும் கதிரளவில் சமமாக இருந்தால்தான் சரி.

பீட்டாவில் ஒரு வேடிக்கை. பொட்டாசியத்தில் இயற்கையாகவே பொட்டாசியம்-40 உண்டு. ஒரு கிராம் பொட்டாசியம் சுமார் 28 பெக்கரல் பீட்டா தரும். உங்கள் 12 மில்லிகிராமுக்கு 0.34. அதாவது 0.6-ல் பாதிக்கு மேல் வெறும் பொட்டாசியம், அது நம் உடம்பிலேயே இருப்பதுதான்.

யுரேனியத்துக்கு 30 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தற்காலிக வழிகாட்டு அளவு. அமெரிக்காவின் சட்ட வரம்பும் அதே 30. இந்த 30 கதிர்வீச்சை வைத்து வந்தது இல்லை. யுரேனியம் ஒரு கன உலோகம், அது சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யும் என்பதை வைத்து வந்தது. 1998-ல் 2 என்றார்கள், 2004-ல் 15 ஆக்கினார்கள், 2011-ல் 30. மனிதர்களிடம் எடுத்த தரவு சேரச் சேர எண் தளர்ந்தது. பாறைக் கிணற்றுத் தண்ணீரைப் பல வருடம் குடித்த ஃபின்லாந்து மக்களிடம் செய்த ஆய்வுகள் அந்தத் தரவில் முக்கியமானவை. அங்கே இதைவிடப் பல மடங்கு அதிக யுரேனியம் உள்ள கிணறுகள் உண்டு. சிறுநீரகச் செயல்பாட்டில் சின்ன மாற்றங்கள் தெரிந்தன, பெரிய நோய்க்கூட்டம் எதுவும் தெரியவில்லை. நீங்கள் தூங்கலாம். ஆனால் மாற்ற வேண்டும். மனம் சமாதானமாக வேண்டுமானால் மருத்துவரிடம் சிறுநீரக இரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள்.

#5 · சந்தேகப் பிராணி

47-க்கும் 30-க்கும் நடுவில் 17 மைக்ரோகிராம். அதற்காக ஒரு குடும்பமே பயப்பட வேண்டுமா? 2, 15, 30 என்று அவர்களே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கு 60 என்றால் இந்த இழையை அழித்துவிடலாமா?

#6 · ஆய்வகத்துக் குருவி

கேள்வி நியாயமானதுதான். 30-ல் நல்லது, 31-ல் விஷம் என்று உடம்புக்குள் கோடு கிடையாது. ஆனால் 1.5 மடங்கு தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் தினமும் குடிக்கிறார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் தீர்வும் இருக்கிறது. இருக்கும்போது ஏன் வாதாட வேண்டும்? பச்சைக் குழந்தைக்குப் பால் பவுடரை இந்தத் தண்ணீரில் கலக்கிறார்கள் என்றால் நான் ஒருநாள்கூடத் தள்ளிப்போட மாட்டேன். உடல் எடைக்குக் கணக்குப் போட்டால் அதிகம் குடிப்பது குழந்தைதான்.

#7 · குழாயடி

எங்கள் வீட்டில் சாஃப்ட்னர் இருக்கிறது. மாதம் தவறாமல் உப்புப் போடுகிறேன். அதுவும் ரெசின்தானே? யுரேனியத்தையும் எடுத்துவிடும் அல்லவா?

#8 · பழைய ஆப்பரேட்டர்

குழாயடி, அது வேறு ரெசின். சாஃப்ட்னரில் இருப்பது நேரயனி ரெசின். கால்சியம், மெக்னீசியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைத் திருப்பித் தரும். யுரேனியம் கார்பனேட்டோடு சேர்ந்து எதிர் முகம் காட்டிக்கொண்டு வருவதால் இந்த ரெசின் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஆனால் உங்கள் சாஃப்ட்னர் ஒன்றைப் பிரமாதமாகப் பிடிக்கும்: ரேடியம். கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், ரேடியம் நான்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தனிம அட்டவணையில் ஒரே நெடுவரிசை, குணமும் ஒன்று. அதனால்தான் ரேடியமும் ஸ்ட்ரான்சியம்-90-ம் உள்ளே போனால் உடம்பு அவற்றைக் கால்சியம் என்று நம்பி எலும்பில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ரெசினுக்கு அந்த நான்கு பேரில் மூத்தவன் மேல்தான் பாசம் அதிகம். ரேடியத்தை விட்டுக்கொடுப்பதற்கு முன்னால் கால்சியத்தை விட்டுக்கொடுத்துவிடும். இதில் ஒரு நல்ல சௌகரியம் இருக்கிறது. ரேடியத்தை வீட்டில் அளக்க முடியாது, கடினத்தன்மையை ஒரு சொட்டு மருந்துக் கிட்டிலேயே அளக்கலாம். வெளியே வரும் தண்ணீர் மென்மையாக இருக்கும் வரை ரேடியம் உள்ளேயே மாட்டியிருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம். சோப்பு நுரைக்காமல் போனால் உப்புப் போடும் நேரம் தாண்டிவிட்டது.

நகரத்து அளவில் இதையே சுண்ணாம்பால் செய்வோம். சுண்ணாம்பு போட்டு பிஎச்-ஐ 10-க்கு மேல் ஏற்றினால் கால்சியம் கார்பனேட்டாக வண்டல் இறங்கும், அதோடு ரேடியமும் பெரும்பகுதி இறங்கிவிடும். இன்னும் மேலே, 10.6-ஐத் தாண்டி ஏற்றினால் யுரேனியமும் வரும். இன்னொரு வழி மாங்கனீசு ஆக்சைடு. கருப்புக் குழம்பாகக் கரைத்து ஊற்றி, பிறகு மணல் படுகையில் வடிகட்டினால் ரேடியம் அதில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இதில் என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. நான் முதலில் வேலை பார்த்த நிலையத்தில் ரேடியத்துக்கு என்று எதுவுமே வைக்கவில்லை. இரும்பு, மாங்கனீசு எடுக்க ஒரு ஃபில்டர் இருந்தது, அவ்வளவுதான். பல வருடம் கழித்து மணலை மாற்றும்போது ஒரு கதிர்வீச்சு மீட்டரோடு ஆள் வந்தார். மணல் பக்கம் வைத்ததும் முள் எழுந்துவிட்டது. மணல் மேல் மாங்கனீசு கருப்பாகப் படிந்து, நாங்கள் கேட்காமலேயே இத்தனை வருடமும் ரேடியத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. குடித்தவர்களுக்கு நல்லது செய்தது. ஆனால் அந்த மணலை எங்கே கொட்டுவது என்று ஆறு மாதம் கூட்டம் போட்டோம்.

#9 · கிணற்றடி நிலா

ஐயா, குருவி, இருவருக்கும் நன்றி. நேற்றுத்தான் ஒழுங்காகத் தூங்கினேன். அந்த மிச்ச 0.2 என்ன என்று தெரிந்துகொள்ள ரேடியம் சோதனைக்குக் கொடுக்கலாமா? 226 மட்டும் போதுமா?

#10 · ஆய்வகத்துக் குருவி

228-ஐயும் சேர்த்துக் கேளுங்கள். ரேடியம்-226 ஆல்ஃபா வீசும், அது மொத்த ஆல்ஃபாவில் தெரிந்துவிடும். ரேடியம்-228 பீட்டா வீசுவது, அதுவும் மிக மெலிதான பீட்டா. மொத்தக் கணக்கில் அது கண்ணில் படாமல் நழுவிவிடக்கூடும். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 226-க்கு 1 பெக்கரல், 228-க்கு 0.1 பெக்கரல்தான். நழுவுகிறவனுக்குத்தான் அளவு பத்து மடங்கு இறுக்கம்.

அப்புறம் ரேடான். கருங்கல்லில் யுரேனியம் இருந்தால் அதன் வம்சத்தில் வரும் ரேடான் வாயுவும் தண்ணீரில் இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் அறிக்கை அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. மொத்த ஆல்ஃபா அளக்க நாங்கள் தண்ணீரை ஆவியாக்கி, தட்டில் மிஞ்சும் உப்பைத்தான் எண்ணுகிறோம். ரேடான் அதற்குள் பறந்துவிடும். ரேடானுக்குத் தனி மாதிரி எடுக்க வேண்டும்: பம்புக்குப் பக்கத்திலேயே, கண்ணாடிக் குப்பியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, ஒரு குமிழிகூட உள்ளே இல்லாமல் மூடி, அன்றே அனுப்புங்கள். அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 3.8 நாள்தான். ஒரு வாரம் மேசையில் கிடந்தால் எண் கால்வாசிக்கு வந்துவிடும், நீங்கள் ரேடான் குறைவு என்று சந்தோஷப்படுவீர்கள்.

#11 · நேர்வழி

அதுதான் ஆர்.ஓ. இருக்கிறதே, ரேடானையும் எடுத்துவிடும்.

#12 · பழைய ஆப்பரேட்டர்

எடுக்காது. கரைந்த வாயு மெம்பிரேனைத் தாண்டி வந்துவிடும். இதனால்தான் முதல் நாளே நீட்டிப் பேசினேன்.

ரேடானுக்குக் காற்றோட்டம்தான் மருந்து. தண்ணீரைச் சிதறடித்து, காற்றை ஊதி, அந்தக் காற்றைக் கூரைக்கு மேலே வெளியேற்ற வேண்டும். ஒழுங்காகச் செய்தால் 99 சதவீதம் போய்விடும். கார்பன் ஃபில்டரும் ரேடானைப் பிடிக்கும். ஆனால் பிடித்த ரேடான் அந்த உருளைக்குள்ளேயே சிதைந்து ஈயமாகவும் பிஸ்மத்தாகவும் மாறும். அவை காமா கதிர் வீசும். ஈயம்-210-க்கு அரை ஆயுள் 22 வருடம், அது கார்பனிலேயே சேர்ந்துகொண்டே போகும். அதிக ரேடான் உள்ள தண்ணீருக்குக் கார்பன் போட்டு, அந்த உருளையைக் கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்துவது மாதிரி ஒரு முட்டாள்தனம் இல்லை.

குளிக்கலாமா என்று நிலா கேட்டது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. யுரேனியத்துக்காகக் குளிப்பதை நிறுத்த வேண்டாம், தோல் வழியாக அது சொல்லிக்கொள்ளும்படி போகாது. குடிக்கவும் சமைக்கவும் ஒரு குழாய்க்கு மட்டும் சுத்திகரித்தால் போதும், வீடு முழுக்க வேண்டாம். ரேடான் அப்படி இல்லை. ஷவரில் வெளியே வந்து காற்றில் கலக்கும், அதைச் சுவாசிப்போம். தண்ணீர் ரேடானால் வரும் ஆபத்தில் பெரும்பங்கு நுரையீரலுக்குத்தான், வயிற்றுக்குக் கொஞ்சம்தான். அதனால் ரேடான் அதிகம் என்றால் தண்ணீர் வீட்டுக்குள் நுழைகிற இடத்திலேயே எடுக்க வேண்டும்.

#13 · மழைமேகம்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் கவலை பாறை யுரேனியம் இல்லை. எங்கேயாவது அணு உலை விபத்து நடந்தால் குழாய்த் தண்ணீர் என்ன ஆகும்? கைக்குழந்தை வைத்திருக்கிறேன். இந்த ஆர்.ஓ., கார்பன் எல்லாம் அப்போது உதவுமா? அயோடின் சூட்டில் ஆவியாகும் என்று பள்ளியில் படித்தோமே, அப்போதாவது கொதிக்க வைக்கலாமா?

#14 · ஆய்வகத்துக் குருவி

2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு டோக்கியோவில் இதுதான் நடந்தது. கனமாச்சி சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரில் அயோடின்-131 210 பெக்கரல் இருந்தது. அங்கே அப்போது பெரியவர்களுக்கு வரம்பு 300, கைக்குழந்தைகளுக்கு 100. மார்ச் 23 அன்று குழந்தைகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். மறுநாளே 79-க்கு இறங்கியது, தடையை நீக்கினார்கள். மழை ஆற்றில் கொண்டுவந்து சேர்த்தது, அந்த அலை கடந்து போனது.

கொதிக்க வைப்பதையும் அந்தச் சமயத்தில் ஜப்பானில் சோதித்துப் பார்த்தார்கள். அயோடின் போகவில்லை, தண்ணீர் குறைந்த அளவுக்குச் செறிவு கூடியது. பள்ளியில் ஊதாப் புகையாகப் போனது தனிம அயோடின். குழாய்த் தண்ணீரில் இருப்பது அயோடைடும் அயோடேட்டும், கரைந்த உப்பு. உப்பு ஆவியாகுமா?

அயோடினுக்கு நமக்கு இருக்கும் பெரிய ஆயுதம் காலம். அரை ஆயுள் 8 நாள். முன்பே மூடி வைத்த தண்ணீர் கொஞ்ச நாளுக்குக் கையில் இருந்தால் அலை கடந்துவிடும். மாசுபட்ட தண்ணீரையே 80 நாள் மூடி வைத்தாலும் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். நிலையங்கள் தூள் கார்பன் போட்டுக் கொஞ்சம் எடுக்கும், முழுக்க எடுக்காது. ஆர்.ஓ. நன்றாகவே குறைக்கும்.

#15 · பழைய ஆப்பரேட்டர்

சீசியம்-137-ஐயும் சொல்லிவிடுகிறேன், அது 30 வருட அரை ஆயுள்காரன். பொட்டாசியத்தின் உறவு. நல்ல வேளையாக அதற்குக் களிமண் என்றால் உயிர். ஆற்றில் விழுந்த சீசியத்தில் பெரும்பகுதி மண்துகளில் ஒட்டிவிடும். படிகாரமோ வேறு திரட்டியோ போட்டு, கலங்கலைத் திரளவைத்து, வண்டலாக இறக்கி, மணலில் வடிகட்டினால் கூடவே போய்விடும். எந்தப் பழைய நிலையமும் தினமும் செய்கிற வேலைதான். விபத்துச் சமயத்தில் ஆப்பரேட்டருக்கு நான் சொல்வது: கலங்கல் மீட்டரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார். தண்ணீர் தெளிவாக இருந்தால் சீசியத்தைப் பாதி ஜெயித்த மாதிரி. கரைந்து நிற்கும் மிச்சத்துக்கு ஜியோலைட் இருக்கிறது, அமெரிக்காவில் அணு உலை விபத்து நடந்த த்ரீ மைல் ஐலண்டில் கூட மாசுபட்ட நீருக்கு அதைத்தான் போட்டார்கள். ஆனால் வண்டலை மறக்கக் கூடாது. குடிநீர் சுத்தமான அளவுக்கு வண்டல் மோசமாகும். எடுத்தது எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்.

#16 · சந்தேகப் பிராணி

இவ்வளவு சொல்கிறீர்கள், ஃபுகுஷிமாவில் அத்தனை வேதியியலும் தெரிந்தவர்கள்தானே இருக்கிறார்கள், கடைசியில் கடலில்தானே விட்டார்கள்?

#17 · ஆய்வகத்துக் குருவி

விட்டார்கள், 2023 ஆகஸ்ட் 24 முதல். அங்கே உள்ள சுத்திகரிப்பு அமைப்பு 62 வகைக் கதிரியக்கத் தனிமங்களைக் குறைப்பதற்காகக் கட்டியது. ட்ரிஷியம் அந்தப் பட்டியலில் இல்லை. ஏன் என்று பழைய ஆப்பரேட்டர் சொன்னதை வைத்தே யோசியுங்கள். ட்ரிஷியம் என்பது கதிர் வீசும் ஹைட்ரஜன். அது தண்ணீரில் கரைந்திருக்கவில்லை, அதுவே தண்ணீராக இருக்கிறது. தண்ணீரிலிருந்து தண்ணீரை எந்த ரெசின் பிரிக்கும்? பிரிக்கவே முடியாது என்று இல்லை, கனநீர் உலைகளில் செறிவான நீரிலிருந்து பிரிக்கிறார்கள். குடிநீர் அளவில் யாரும் செய்வது இல்லை. அதனால் நீர்க்க வைத்து, லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே கொண்டுவந்து விடுகிறார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10,000. ஐரோப்பாவில் 100 தாண்டினாலே ஏன் என்று விசாரிப்பார்கள், அமெரிக்காவில் 740. ஒரே பொருளுக்கு இவ்வளவு வித்தியாசம் இருப்பது எனக்கே உறுத்தும். சிலது உடல்நலக் கணக்கு, சிலது எங்கேயோ கசிவு என்று எச்சரிக்கும் மணி. எண்ணை மட்டும் எடுத்து வைத்துச் சண்டை போடுகிறவர்கள் இதைப் பார்ப்பது இல்லை.

கடலில் விட்டது சரியா தப்பா என்பதற்கு வேறு இழை திறந்துகொள்ளலாம், நிலா பாவம்.

#18 · குழாயடி

ஒரு காலத்தில் இதைக் காசு கொடுத்து வாங்கிக் குடித்தார்கள் தெரியுமா? 1920-களில் அமெரிக்காவில் ரேடிதார் என்று ரேடியம் கலந்த தண்ணீரைச் சின்னச் சின்ன பாட்டிலில் மருந்தாக விற்றார்கள். எபென் பையர்ஸ் என்ற பணக்காரர் உற்சாகமாகப் பாட்டில் பாட்டிலாகக் குடித்து, தாடை எலும்பு சிதைந்து 1932-ல் இறந்தார். ரேடியத்தைக் கால்சியத்தின் உடன்பிறப்பு என்று ஐயா சொன்னதும் அவர் நினைவுதான் வந்தது.

#19 · கிணற்றடி நிலா

அறிக்கைகள் வந்துவிட்டன. ரேடியம்-226 0.06, ரேடியம்-228 0.04 பெக்கரல். ரேடான் பம்பில் பிடித்தது 180 பெக்கரல், மாடித் தொட்டி வழியாக வரும் குழாயில் பிடித்தது 40.

#20 · ஆய்வகத்துக் குருவி

ரேடியத்தை மறந்துவிடலாம். இரண்டையும் கூட்டினால் 0.10, அமெரிக்க வரம்பு 0.185.

ரேடான் 180 என்பது ஐரோப்பியக் கவனிப்பு அளவான 100-ஐத் தாண்டுகிறது. ஆனால் கட்டாயம் கை வைக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லும் 1,000 ரொம்ப தூரத்தில் இருக்கிறது. தோராயமான விதி ஒன்று: தண்ணீரில் இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வீட்டுக் காற்றில் சேரும். லிட்டருக்கு 180 என்றால் கன மீட்டருக்கு 1,80,000; அதை நேரடியாகப் பயன்படுத்தினாலே காற்றில் கன மீட்டருக்கு 18 பெக்கரல்தான் கூடும். 40 என்றால் 4. வீட்டுக் காற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 100. உங்கள் மாடித் தொட்டி செலவே இல்லாமல் காற்றோட்டக் கருவியாக வேலை செய்கிறது.

#21 · பழைய ஆப்பரேட்டர்

அந்தத் தொட்டியில் தண்ணீர் விழும் குழாயை மேலேயே வைத்திருங்கள், சிதறி விழட்டும். நீருக்குள் அமிழ்த்திவிடாதீர்கள். காற்றுத் துளைக்கு வலை கட்டுங்கள், அடைக்காதீர்கள்.

யுரேனியத்துக்குச் சமையலறைக் குழாயில் ஆர்.ஓ. போதும். எதிரயனி ரெசினும் வேலை செய்யும். ஆனால் அதில் எனக்கு ஒரு பயம். யாராவது பிஎச் குறைக்கும் மருந்தைத் தவறுதலாக விட்டு, நீர் 6-க்குக் கீழே இறங்கினால், மாதக்கணக்காகச் சேர்த்த யுரேனியத்தை ரெசின் ஒரே நாளில் கொட்டிவிடும். வீட்டில் அதைக் கவனிக்க ஆள் இல்லை. மெம்பிரேன் கெட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெடும், வெளிவரும் தண்ணீரின் டிடிஎஸ் ஏறுவதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். டிடிஎஸ் மீட்டர் யுரேனியத்தை அளக்காது, மெம்பிரேன் ஓட்டையா என்பதை மட்டும் சொல்லும். அது போதும். சுவைக்காகச் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும் திருகு சில கருவிகளில் இருக்கும். அதை முழுக்க மூடிவிடுங்கள்.

#22 · கிணற்றடி நிலா

ஆர்.ஓ. வைத்து ஒரு மாதம் ஆகிறது. மூன்று மாதிரி கொடுத்தேன். போர்வெல் 47, குடிக்கும் குழாய் 1.8. ஆர்வத்தில் ரிஜெக்ட் தண்ணீரையும் கொடுத்தேன், அது 66. பத்து லிட்டர் உள்ளே போனால் மூன்று லிட்டர் குடிக்க வருகிறது, ஏழு வெளியே போகிறது.

#23 · ஆய்வகத்துக் குருவி

பத்து லிட்டரில் உள்ளே போனது 470 மைக்ரோகிராம். வெளியே 3 × 1.8 சேர்த்து 7 × 66, அதாவது 467. இவ்வளவு அழகாகக் கணக்கு நேராகும் மாதிரிகள் எனக்கு வருவதே இல்லை. போனது எல்லாம் ரிஜெக்ட் வெளியேறும் அந்தச் சின்னக் குழாயில்தான் போகிறது.

#24 · பழைய ஆப்பரேட்டர்

நல்ல வேலை. அந்தச் சின்னக் குழாய் எங்கே போய் விழுகிறது?

#25 · கிணற்றடி நிலா

தண்ணீர் வீணாகக் கூடாது என்று போர்வெல் பக்கத்தில் இருக்கும் மழைநீர்க் குழியில் விட்டிருக்கிறார்கள்.

#26 · பழைய ஆப்பரேட்டர்

அட!

#27 · சந்தேகப் பிராணி

இந்த ஒரு தடவை நான் சமாதானம் சொல்கிறேன். பூமியிலிருந்து எடுத்ததைத்தான் திருப்பிக் கொடுக்கிறார். ஒரு நாளைக்குச் சில குடம். அதனால் 47, 50 ஆகிவிடாது.

#28 · பழைய ஆப்பரேட்டர்

ஆகாதுதான். ஆனால் குழியின் அடிமண் அதைப் பிடித்துச் சேர்த்து வைக்கும், என் மணல் படுகை மாதிரி. பத்து வருடம் கழித்துக் குழியைத் தூர் வாருகிறவருக்கு அது தெரியப்போவது இல்லை. தரை கழுவ, கழிப்பறைக்கு ஊற்ற எடுத்துக்கொள்ளுங்கள் நிலா. அதற்கு 66 ஒரு பொருட்டே இல்லை.

#29 · கிணற்றடி நிலா

குழாயைத் திருப்பிவிட்டேன். கழிப்பறைத் தொட்டிக்கு. ஆறு மாதம் கழித்து மறுபடி மாதிரி கொடுத்துவிட்டு இங்கேயே வந்து எழுதுகிறேன்.